வத்தல் காயும் வீடு

வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு பட்டியல்தான் தெரியும். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இதில் சாமி விவகாரம் 1981-லேயே தீர்ந்துவிட்டது. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். பெயரிலேயே ஜலம், சுற்றிலும் அகழி, தலைக்கு மேல் கருங்கல். ஊரில் மே மாதத்தைக் கவலையில்லாமல் கழிக்கிற ஒரே குடித்தனக்காரர் அவர்தான். மற்ற மூன்று இல்லாமைகளும் எங்கள் பங்கு.

சித்திரை பிறந்ததும் பேப்பரில் எங்கள் ஊர் பெயர் தினமும் வரும். ‘வேலூரில் வெயில் சதம்!’ காய்ச்சலையும் வெயிலையும் மட்டும் நாம் இன்னும் ஃபாரன்ஹீட்டில்தான் அளக்கிறோம். 37.8 டிகிரி என்று எழுதினால் யார் மதிப்பார்கள்? நூறு என்றால் ஒரு கம்பீரம். 106 என்று போட்ட அன்று டீக்கடையில் பேப்பரை விரித்தவர், உள்ளூர்ப் பையன் மாநிலத்தில் முதலிடம் வந்த மாதிரி மீசையைத் தடவிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். “திருத்தணி நேத்து நம்மள முந்திட்டான். இன்னைக்கு விட்டமா பார்” என்றார். முகமெல்லாம் வியர்வை.

இந்தப் பெருமையில் பங்கெடுக்காத ஒரே ஆள் என் மனைவி. அவள் சூலூர்ப் பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நடுவே பாலக்காட்டுக் கணவாய் என்று ஒரு பெரிய ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, வருஷத்தில் பாதி நாள் ஓசிக்காற்று வாங்கும் சீமை அது. எங்கள் கல்யாணத்தில் வரதட்சணை இல்லை, ஜாதகத்தில் பொய் இல்லை. ஒரே ஒரு மோசடி உண்டு. மாப்பிள்ளை வீடு பார்க்க அவர்கள் வந்தது தை மாதம். அம்மா எல்லோரையும் மொட்டை மாடியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். என் மாமனார் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “காத்து நல்லா வருதுங்களே” என்றார். அம்மா, “எப்பவும் இப்படித்தாங்க” என்றாள். அடுத்த சித்திரையில் மனைவி கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. “ஏனுங்க, இது வீடுங்களா, வடைச்சட்டிங்களா?”

போன வருஷம் ஏப்ரல் கடைசியில் இந்தக் கேள்வி முற்றி, ஏசி வாங்குவது என்ற தீர்மானமாக வந்து நின்றது. நான் எதிர்த்தேன். சுற்றுச்சூழல், பூமிப்பந்து, வருங்கால சந்ததி என்று பேசினேன். வருங்கால சந்ததி பக்கத்தில் பனியனோடு உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தான். “எனக்கு ஏசி ஓகேப்பா” என்றான்.

விலை கேட்டு வருவதில் தப்பில்லை என்று கடைக்குப் போனோம். அம்மாவும் வந்தாள். விற்பனைப் பையன் எங்கள் ஹாலின் நீள அகலத்தைக் கேட்டான். “மேல்மாடிங்களா? நேர் தளமா? அப்போ ஒன்றரை டன் வேணும் சார்.”

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஒன்றரை டன்னா? செவுரு தாங்குமாடா?”

கடையில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அம்மா கேட்டது அப்படி ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை. அந்த டன் நிஜமாகவே எடைக்கணக்குதான், ஐஸ்கட்டியின் எடை. ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு சூட்டைக் குடிக்குமோ, அவ்வளவு சூட்டை ஒரு நாளில் இறைத்து வெளியே கொட்டுகிற இயந்திரத்துக்குப் பெயர் ஒரு டன் ஏசி. மெஷின் வருவதற்கு முன் குளிர்ச்சியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி விற்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஏரிகளில் அறுத்த ஐஸ், பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு மெட்ராஸ் கடற்கரைக்கு வந்து இறங்கியது. அதை வைக்க 1842-ல் கட்டிய கட்டடத்துக்கு அதனால்தான் ஐஸ்ஹவுஸ் என்று பெயர். பிற்பாடு விவேகானந்தர் வந்து தங்கியதால் அது விவேகானந்தர் இல்லம் ஆயிற்று. பஸ் கண்டக்டர்கள் விடாமல் ஐஸ்ஹவுஸ் என்றே கூவிக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கடையிலேயே நின்று அம்மாவுக்கு விளக்கினேன். கூடவே, 1902-ல் நியூயார்க் புரூக்ளினில் வில்லிஸ் கேரியர் முதல் ஏசியை வடிவமைத்தது மனுஷர்களுக்காக அல்ல, ஓர் அச்சகத்துக் காகிதம் ஈரத்தில் நீண்டு சுருங்கி கலர் பிசகாமல் இருப்பதற்காக என்பதையும் சொன்னேன். மனைவி நிதானமாகக் கேட்டாள். “காகிதத்துக்கே பாவம் பார்த்திருக்காங்க. எனக்குப் பார்க்க மாட்டீங்களா?”

என்னைக் காப்பாற்றியது அம்மாதான். பையன் விளக்கிக்கொண்டே வந்தவன், “போட்டா கதவு ஜன்னல் எல்லாம் சாத்திடணும்மா” என்றான். அம்மா நின்றுவிட்டாள். “சாத்தினா கீரைக்காரி கத்துறது எப்படிப்பா கேக்கும்?” அம்மாவின் உலகம் எங்கள் ஹால் ஜன்னல். யார் எங்கே போகிறார்கள், யார் வீட்டுக்கு ஆட்டோ வந்தது, எந்தக் கீரைக்கட்டு வாடல், சகலமும் அந்த நாலடிக்கு மூணடி வழியாகத்தான் வந்தாக வேண்டும். அதைச் சாத்துகிற எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது.

இரண்டு ஓட்டுக்கு இரண்டு ஓட்டு. இழுபறியைத் தீர்க்க மனைவி ஒரு பந்தயம் வைத்தாள். கத்திரி முடிகிற மே 28-ம் தேதி, மதியம் மூன்று மணிக்கு, ஹாலில் 32 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. நான் என்ன வித்தை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். 33 காட்டினால் மறுநாள் ஏசி. வழியிலேயே ஒரு தெர்மாமீட்டர் வாங்கினோம். ஹாலில் காலண்டர் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். முதல் நாள் மூன்று மணிக்கு 37 காட்டியது.

தெர்மாமீட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வருவதற்கு முன் எங்கள் வீட்டில் ‘புழுக்கமா இருக்கு’ என்ற ஒரே நிலைதான் இருந்தது. வந்தபின், 35-ல் எரிச்சல், 36-ல் சண்டை, 37-ல் பிறந்த வீடு என்று படிப்படியாகப் பிரிந்துவிட்டது. சும்மா படுத்திருந்த பையன் எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வந்து வியர்க்க ஆரம்பித்தான்.

முதல் சீர்திருத்தம் ஜன்னல். காலை எட்டரைக்குள் எல்லாவற்றையும் சாத்தித் திரை போட வேண்டும். சாயங்காலம் வெளியே சூடு உள்ளே இருப்பதைவிடக் குறைந்தபின் திறக்க வேண்டும். ராத்திரி முழுக்கத் திறந்தே கிடக்கட்டும். இதில் பெரிய விஞ்ஞானம் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு வெளியே 41, உள்ளே 37. ஜன்னலைத் திறந்தால் எது எங்கே போகும்? ஆனால் ‘காத்து வரட்டும்’ என்ற இரண்டு சொல்லுக்கு முன்னால் எந்த விஞ்ஞானமும் நிற்காது. நான் சாத்துவேன், அம்மா திறப்பாள். “அது காத்து இல்லம்மா, அனல்.” “அனலும் காத்துதாண்டா.” முடிவில் சமரசம் வந்தது. மேற்கு ஜன்னல்கள் என் ஆட்சியில், தெருப்பக்க ஜன்னல் அம்மாவின் ஆட்சியில். கீரைக்காரி வந்து போகிற பத்தரை மணிவரை அது திறந்திருக்கும். அவள் தாமதமாக வருகிற நாளில் ஹால் ஒரு டிகிரி கூடும். ஒரு கட்டு அரைக்கீரையின் வெப்பமதிப்பை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

வீடு கட்டும்போது புரோக்கர் சொன்னது ஞாபகம் வந்தது. “வடக்குப் பார்த்த மனை சார், வெயிலே எட்டிப் பார்க்காது.” மே மாதத்தில் எட்டிப் பார்க்கும். எங்கள் அட்சரேகைக்குச் சூரியன் சரியாக உச்சிக்கு மேல் நிற்பது ஏப்ரல் கடைசி வாரத்தில். அன்று நடுப்பகலில் செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்கு நிழல் இருக்காது. பிறகு அது இன்னும் வடக்கே நகர்ந்துவிடும். கத்திரி முழுக்க, உச்சிவேளையில் எங்கள் வீட்டு நிழல் லேசாகத் தெற்கே விழும். வடக்கு வாசல்படியில் வெயில் வந்து செருப்பைச் சுட்டுவைக்கும். புரோக்கர் மனை காட்டியது கார்த்திகையில். எங்கள் வீட்டைப் பற்றிய பொய்யெல்லாம் ஏன்தான் குளிர்காலத்திலேயே சொல்லப்படுகிறதோ தெரியவில்லை.

அதே அட்சரேகையில்தான் பெங்களூரும் இருக்கிறது என்பதை இங்கே வயிற்றெரிச்சலோடு பதிவு செய்கிறேன். அதே சூரியன், அதே கோணம். அவர்கள் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறார்கள், நாங்கள் 200-ல். என் ஒன்றுவிட்ட தம்பி அங்கிருந்து போன் செய்து, “இங்கே ரொம்ப சூடு அண்ணா, ஃபேன் போட வேண்டியிருக்கு” என்பான்.

ஃபேன் விஷயத்தில் என் பையன் ஒரு கொள்கை வைத்திருந்தான். ரூமை விட்டு வெளியே போகும்போது ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டுப் போவான். கேட்டால், “வரும்போது ரூம் கூலா இருக்கும்ல?” ஃபேன் ரூமைக் குளிரவைக்காது, நம் தோலில் உள்ள வியர்வையை உலர்த்தி நம்மைத்தான் குளிரவைக்கும், ஆள் இல்லாத ரூமில் அதன் மோட்டார் கொஞ்சம் சூட்டைச் சேர்க்கத்தான் செய்யும் என்று சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, “அப்போ எனக்கு வேர்க்கலைன்னா?” என்றான். வேலூரில் அந்தப் பிரச்சினை வராது என்று உத்தரவாதம் கொடுத்தேன்.

அடுத்தது வெட்டிவேர். இது அம்மாவின் யோசனை. அந்தக் காலத்தில் கச்சேரியில் தட்டி கட்டியிருப்பார்கள், ஓர் ஆள் நாள் பூராவும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பான், உள்ளே போனால் சந்நிதிபோல் சில்லென்று இருக்கும் என்றாள். இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் இன்றைக்கு அதை வெட்டிவேர் என்ற நம் சொல்லாலேதான் கூப்பிடுகிறார்கள் என்பதில் எனக்கும் ஒரு பெருமை உண்டு. நாட்டு மருந்துக் கடையில் சொல்லிவைத்து வாங்கி, மேற்கு ஜன்னலுக்கு ஒரு தட்டி கட்டினேன்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கணக்குப் போட்டேன். தட்டியில் மணிக்கு எட்டு லிட்டர் உலர்ந்தால் அது ஒன்றரை டன் ஏசி செய்கிற வேலை! மனைவியிடம் காகிதத்தைக் காட்டினேன். அவள் ஒரே கேள்வி கேட்டாள். “அந்த எட்டு லிட்டரை யாருங்க தெளிக்கிறது?”

நான்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கச் செம்பும் கையுமாக ஜன்னலோரம் நின்றேன். காற்று அடித்தபோது நிஜமாகவே சில்லென்று வந்தது. வாசனை என்றால் அப்படி ஒரு வாசனை. சூடும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அந்தக் காற்று மேற்கிலிருந்து அடித்தால்தான் உண்டு. நின்றுபோனால், ஈரத்தில் ஊறிய வைக்கோல்போர் மாதிரி தட்டி சும்மா தொங்கும். தண்ணீர் வராத நாளில், “குடிக்கிறதுக்கா, ஜன்னலுக்கா?” என்ற கேள்வி எழுந்தது. வானம் மூடிப் புழுங்கிய நாள்களில் காற்றிலேயே ஈரம் நிரம்பியிருந்ததால் தட்டி உலரவே இல்லை. வீடு குளிரவில்லை, துணி காயவில்லை, எல்லோர் மேலும் சாம்பிராணி போட்ட மாதிரி வாசனை மட்டும் வந்தது. நான்காம் நாள் ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, “என்ன சார், வீட்ல பூஜையா?” என்றார்.

எங்கள் மேற்கு ஜன்னலுக்கு இன்னொரு பகையும் இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் ஏசி வைத்திருக்கிறார். அதன் வெளிப்பெட்டி எங்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் மூச்சு விடும். ஏசி சூட்டை ஒழிப்பதில்லை. உள்ளே இருப்பதை வாரி, தன் மோட்டார் சூட்டையும் சேர்த்து, வெளியே தள்ளும். வீட்டைப் பெருக்கிக் குப்பையைப் பக்கத்து வாசலில் ஒதுக்குகிற பழக்கத்துக்கு மின்சார இணைப்பு கொடுத்த மாதிரி. மனுஷர் நல்லவர். கரண்ட் போன ராத்திரியில் குடும்பத்தோடு எங்கள் மாடிக்குத்தான் பாய் எடுத்துக்கொண்டு வருவார். வந்து படுத்துக்கொண்டு, “உங்க மாடில என்னமா காத்து வருது சார்!” என்று என் மாமனார் மாதிரியே சொல்வார்.

நடுவில் சில சில்லறை முயற்சிகள். டேபிள் ஃபேனுக்கு முன்னால் தட்டில் ஐஸ் வைத்தேன். பையன் சர்பத்துக்கு எடுத்துக்கொண்டான். ஈரப் போர்வையைக் கதவில் தொங்கவிட்டேன். கூரியர்க்காரர், வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்துத் தயங்கிக் கையெழுத்து வாங்கிப் போனார். தென்னங்கீற்றுப் பந்தல் போட ஆள் கேட்டேன். தேர்தல் கூட்டத்துக்குப் போய்விட்டான்.

மே இருபது வந்தும் 35-க்குக் கீழே இறங்கவில்லை. மூன்று மணிக்கு முக்காலி போட்டு ஏறி, உள்பக்கம் சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெடுக்கென்று எடுத்தேன். சுவரில் அந்தச் சூடு இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி தொட்டேன். மதியத்தைவிட மோசம். கான்கிரீட் நாள் பூராவும் கடன் வாங்கி, நாம் படுக்கும்போது வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறது. அதன் கீழே ஃபேன் போட்டால், சீலிங்கை ஒட்டி மிதக்கிற அனலை எல்லாம் வழித்து நம் தலையில் கொட்டுகிறது. எதிரி ஜன்னல் வழியாக வரவில்லை. தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறான்.

வெள்ளையடித்தால் கூரை வெயிலைத் திருப்பியனுப்பும் என்று எனக்குத் தெரியும். விலை உயர்ந்த பெயின்ட் இருக்கிறது. நான் கல்சுண்ணாம்பு வாங்கினேன். காரணத்தை ஊகித்திருப்பீர்கள்.

கல்சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும். இது ஏழாம் வகுப்புப் பாடம். நான் படித்ததுதான். ஆனாலும் காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில் டிரம்மில் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியபோது அது பொங்கிச் சீறி ஆவி விட்டது எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது. மேலே சூரியன், கீழே தளம், நடுவில் கொதிக்கிற டிரம். வீட்டைக் குளிரவைக்க, கத்திரி வெயிலில், எரிகிற சுண்ணாம்பின் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துடுப்புப் போட்டேன். எண்ணெய்ச் சட்டி தண்டனை பெற்றவர்களுக்கு எமலோகத்தில்கூட ஒரு சட்டிதான் என்று கேள்வி.

ஆறவைத்து, வடிகட்டி, பசை கலந்து, மறுநாள் விடியற்காலை நானும் பையனும் தென்னை மட்டையிலும் துடைப்பத்திலும் இரண்டு கோட் அடித்தோம். பாதி அடிக்கும்போது அவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

“அப்பா, எல்லார் வீட்டு மாடியிலயும் செகப்பா ஓடு பதிச்சிருக்காங்களே. நம்ம வீட்ல ஏன் இல்ல?”

“நீ அடி” என்றேன்.

சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்றுதான் இதுவரை இழுத்தேன். 2012-ல் வீடு கட்டும்போது, தளம் போட்டு முடிந்ததும் மேஸ்திரி வந்து நின்றார். “சார், இதோட விட்டுடக் கூடாது. மேல செங்கல் ஜல்லியில சுண்ணாம்பு கலந்து மூணு இஞ்ச் போட்டு, தட்டி, அதுமேல தட்டோடு பதிக்கணும். இல்லைன்னா வெயில் நேரா கீழே எறங்கும்.” எவ்வளவு என்று கேட்டேன். நாற்பதாயிரம் என்றார். கையில் அப்போது இருந்ததை வைத்து ஹாலுக்கு வழுவழுப்பான டைல்ஸும், பார்ப்பவர் கண்ணுக்கு நேராக நிற்கிற தேக்கு வாசக்காலும் வாங்குவதாக இருந்தேன். மொட்டை மாடியை யார் பார்க்கப்போகிறார்கள்? “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் மேஸ்திரி” என்றேன். அடுத்த வருஷம் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் பையன். அப்புறம் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு மே மாதமும் ஞாபகம் வரும். ஜூனில் போய்விடும்.

அம்மா பிறந்த குடியாத்தம் வீட்டைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தேக்குக் கட்டைகளுக்கு மேல் செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் கட்டி, அதன்மேல் ஜல்லிச்சுண்ணாம்பு கொட்டி, கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லமும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். என் கை நீளத்துக்கு இருக்கும் அதன் கனம். சூடு அதற்குள் நுழைந்து கீழே வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். “அந்த வீட்டு ஹால்ல மத்தியானம் படுத்தா, சாயங்காலம் ஆளு வந்து எழுப்பணும்” என்பாள் அம்மா. நாலரை அங்குல கான்கிரீட்டுக்கு அடியில் இரண்டு மணிக்கே நாங்களாக எழுந்துவிடுகிறோம்.

வெள்ளையடித்த அன்று மதியம் மாடிக்குப் போனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. காக்கை ஒன்று வந்து இறங்கி, பூமி இதுதானா என்று சந்தேகப்பட்டுப் போய்விட்டது. ஆனால் வெறும் காலோடு நிற்க முடிந்தது! ஓடி வந்து சீலிங்கைத் தொட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். தெர்மாமீட்டரில் 34. தெர்மாமீட்டர் மாட்டியதிலிருந்து அந்த ஹாலில் நான் கண்ட குறைந்தபட்ச மூன்று மணி அது. பையனைத் தோளில் தூக்கிக்கொண்டேன். இருவர் உடம்பிலும் இருந்த சுண்ணாம்பு ஹால் டைல்ஸ் முழுக்க உதிர்ந்தது. மனைவி பந்தய எண்ணை மட்டும் நினைவூட்டினாள். “32-ங்க.”

வெற்றிக்கு விரோதி எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. மறுநாள் அம்மா கொத்தவரங்காய் வத்தலும் கூழ்வடகமும் போட மாடிக்குப் போனாள். கூழை ஊற்றிவிட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால் வடகம் அடிப்பக்கம் அப்படியே பிசுபிசுக்கிறது. ஒரே நாளில் கலகலவென்று உரிந்து வருகிற வடகம், மூன்று நாளாயிற்று. “என்னாடா பண்ண தரையை? சூடே இல்ல!” என்று மேலேயிருந்து அம்மா கத்தியபோது, ஏசி கம்பெனிக்காரன்கூட இப்படி ஒரு நற்சான்று வாங்கியிருக்க மாட்டான் என்று பட்டது. ஆனால் அவள் பாராட்டவில்லை. வருஷத்துக்குத் தேவையான வத்தல், வடகம், மோர்மிளகாய், மல்லி, புளி எல்லாவற்றுக்கும் அந்தத் தளம்தான் அடுப்பு. கேஸ் செலவில்லாத அடுப்பு. அதை நான் அணைத்துவிட்டேன்.

“அனல் வேணாம்னு ஜன்னலைச் சாத்தின. சரி. மாடியில இருக்கிற அனல் உன்னை என்னாடா பண்ணுச்சு?”

அந்த அனல்தான் கீழே வருகிறது என்று சொல்லப்போய், அப்போ அதைத் தடுக்க என்ன வழி என்று மனைவி கேட்க, அம்மா வடகத்தின் கோபத்தில் பதினோரு வருஷ ரகசியத்தைப் போட்டு உடைத்தாள். “மேஸ்திரி அன்னைக்கே ஓடு பதிக்கலாம்னாரு. இவன்தான் வேணாம்னான்.”

வீட்டில் அன்று சாயங்காலம் தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டியது என்று நான் பார்க்கவில்லை.

மே 28 வந்தது. எனக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. இடையில் ஒரு கோடை மழை பெய்து, சுண்ணாம்பில் பாதி வாய்க்கால் வழியாகத் தெருவுக்குப் போய், தெருவே பொங்கல் முடிந்த வீடு மாதிரி வெளுத்துக் கிடந்தது. 34 என்பதே மறுபடி 35 ஆகியிருந்தது. ஆபீசில் அரைநாள் லீவு போட்டுவிட்டு இரண்டே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். மனைவி, பையன், அம்மா மூவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. நான் தெர்மாமீட்டரைப் பார்த்தேன்.

25.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். 25-தான். என் முதுகில் வியர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

மனைவி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். “ஏனுங்க, ஊட்டியில ஹால் எடுத்திருக்கீங்களா?”

அருகில் போனேன். தெர்மாமீட்டரின் அடிக்குமிழில், அம்மாவின் பழைய நூல்புடவைக் கிழிசல் ஒன்று ஈரமாகச் சுற்றியிருந்தது. தலைக்கு மேல் ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. வானிலை ஆய்வு மையங்களில் வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து, காற்றின் ஈரத்தை அளக்கப் பார்ப்பார்களே, அந்த ஈரக்குமிழ் வெப்பமானியை அம்மா யாருடைய உதவியும் இல்லாமல் எங்கள் ஹாலில் கண்டுபிடித்திருந்தாள். நனைத்த துணி உலரும்போது குமிழின் சூட்டைப் பறித்துக்கொண்டு போகிறது. ஒழுங்காக ஒரு 31 காட்டுகிற மாதிரி திருடியிருந்தால் பந்தயம் எங்களுடையது. விஞ்ஞானம் அம்மாவின் கையில் அளவில்லாமல் வேலை செய்துவிட்டது.

“என்னம்மா இது?”

“மண்பானைக்குத் துணி சுத்தினேன். அப்படியே அதுக்கும் சுத்தினேன். பாவம்டா, நாள் பூரா அந்த ஆணியிலயே தொங்குது.”

மனைவி துணியை அவிழ்த்தாள். நாங்கள் நால்வரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதரசம் மெல்ல மெல்ல ஏறி, 33-ஐத் தாண்டி, 35-க்குப் பக்கத்தில் போய் நின்றது. யாரும் ஏசி என்று சொல்லவில்லை. மனைவி கேட்டது வேறு. “அந்த மேஸ்திரி நம்பர் இருக்குதுங்களா?”

மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை வந்தார். தலை நரைத்திருந்தது. செருப்பைக் கீழே விட்டுவிட்டு மாடிக்கு ஏறியவர், சுண்ணாம்பு போன பக்கமாகக் கால் வைத்துவிட்டு, அந்த வயதிலும் வெள்ளையாக இருந்த பக்கத்துக்கு ஒரே தாவலாகத் தாவினார். “அன்னைக்கே சொன்னேனே சார்” என்றார். அதைச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. டேப் பிடித்து அளந்தார். இரண்டு வழி சொன்னார். வெள்ளை கூல் டைல்ஸ் ஒட்டலாம், வேலை சீக்கிரம் முடியும். இல்லாவிட்டால் பழையபடி செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, மேலே தட்டோடு. பத்து நாள் ஆகும். எதுவானாலும் ஒரு லட்சத்துக்கு மேல். நாற்பதாயிரம் மிச்சம் பிடித்த மனிதனை மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அதை இங்கே எழுதத் தேவையில்லை.

நான் வெள்ளை டைல்ஸ் பக்கம் சாய்ந்தேன். மூச்சு வாங்கப் படியேறி வந்திருந்த அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“ஏம்பா, அந்தச் செகப்பு ஓடு போட்டா, மேல வத்தல் காயுமா?”

மேஸ்திரி சிரித்தார். “மேல நல்லாச் சுடும்மா. ஒரே நாள்ல காயும். கீழதான் சூடு எறங்காது.”

“அப்போ அதையே போடு” என்றாள் அம்மா. மேஸ்திரி தலையாட்டி நோட்டில் குறித்துக்கொண்டார். பணம் கொடுக்கப்போகிறவனை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.